வெயில் வாரியத்தின் முதல் சுற்றுப்பயணி

கிள்ளானில் வெயில் அடிக்கிறது என்பதைக் கண்டுபிடிக்க ஒரு வாரியம் தேவைப்பட்டது. அதுவரை தலைமுறை தலைமுறையாக அங்கே வெந்துகொண்டிருந்த ஜனங்களுக்கு இது தெரியாது என்று வாரியம் மனதார நம்பியது. தெரிந்திருந்தால் ஏன் குடை பிடிக்கிறார்கள்? ஏன் சுவரை ஒட்டி நடக்கிறார்கள்? ஏன் உச்சிப் பொழுதில் கதவைச் சாத்திக்கொண்டு காற்றாடிக்கு அடியில் படுக்கிறார்கள்? இவர்கள் தங்கள் வெயிலின் அருமை தெரியாதவர்கள் என்று முதல் கூட்டத்திலேயே தீர்மானம் போட்டாகிவிட்டது.

வாரியத்துக்கு நீளமான பெயர் ஒன்று உண்டு: வெயில்சூழ் கடலோர மாநகர மேம்பாட்டு வாரியம். அதை ஒரே மூச்சில் சொல்லக்கூடியவர் டத்தோ பட்டம் வாங்கிய தலைவர் யுகேந்திரன் ஒருவர்தான் என்பதால் மற்றவர்கள் வெயில் வாரியம் என்றார்கள். அலுவலகம் ஒரு கண்ணாடிக் கட்டடத்தின் உச்சி மாடியில் இருந்தது. கண்ணாடி முழுக்கக் கறுப்புத் தாள் ஒட்டி, அதன்மேல் திரை போட்டு, ஏர்கோனை முடுக்கிவிட்டு, ஊழியர்கள் கம்பளிச் சட்டையோடு உட்கார்ந்து வெயிலை வளர்த்தார்கள்.

டத்தோ ஒரு சமயம் ஐரோப்பாவில் ஏதோ ஒரு கடற்கரை நகரத்துக்கு ஆய்வுப் பயணம் போயிருந்தார். ஓட்டல் அறையில் தலையணைக்குப் பக்கத்தில் ஒரு சிறு புத்தகம் கிடந்தது. ‘வெயில் கொஞ்சும் எங்கள் கடலோர நகரம்: உள்ளூர்வாசி ஒருவரின் ஆலோசனைகள்’. ஆய்வு அதோடு முடிந்தது. நாடு திரும்பியதும் அந்த நகரத்தின் பெயர் வரும் இடத்தில் எல்லாம் கிள்ளான் என்று மாற்றச் சொன்னார். மாற்றியபோது, ‘மாலையில் கிள்ளான் தேவாலயத்தின் பளிங்குப் படிகளில் அமர்ந்து, ஆலிவ் காய் தின்றபடி பாய்மரப் படகுகளைப் பாருங்கள்’ என்று வந்தது. நல்லவேளையாக யாரோ ஒருவர் படித்துப் பார்த்துவிட்டதால், நமக்கென்று சொந்தமாக ஓர் உள்ளூர்வாசி வேண்டும் என்ற முடிவுக்கு வந்தார்கள்.

கிள்ளானுக்குக் கடல் இல்லாமல் இல்லை. ஊருக்கும் கடலுக்கும் நடுவில் துறைமுகமும், மலை மலையாகக் கண்டெய்னரும், வரிசை கட்டி நிற்கும் லோரியும், முழங்கால் ஆழச் சேறும் இருக்கின்றன, அவ்வளவுதான். இதைப் பற்றி நிருபர் ஒருவர் கேட்டபோது டத்தோ அலட்டிக்கொள்ளவில்லை. “கடற்கரைக்கு நாம போகணும்கிறது பழைய சிந்தனை. போன வெள்ளத்தில கடலே வீட்டுக்குள்ள வந்துச்சு. எந்த நாட்டுல இந்த வசதி இருக்கு?” என்றார். சாயந்திரமானால் கொட்டுகிற மழைக்கும் வாரியம் ஒரு பெயர் வைத்திருந்தது: ஒத்திவைக்கப்பட்ட வெயில். புகைமூட்டம் வந்தால் அது வடிகட்டிய வெயில்.

இப்படி எல்லாவற்றையும் வெயிலாக்கிய பிறகு மிஞ்சிய எதிரி நிழல் ஒன்றுதான். கடைகளின் முன்னால் நீட்டியிருந்த தகரக் கூரைகளைக் கழற்றினார்கள். பஸ் நிறுத்தங்களின் கூரையைக் கண்ணாடியாக மாற்றினார்கள். கறுப்புக் குடைகளை வாங்கிக்கொண்டு, அந்தப் பக்கம் தெரிகிற பிளாஸ்டிக் குடை கொடுத்தார்கள். ஊர் முழுக்க, ‘சன்னி கிள்ளான் உங்களை வரவேற்கிறது’ என்று தமிழிலும் பேனர் கட்டினார்கள். அதைப் படித்த பவுனம்மாள், “யாருக்குங்க ஜன்னி?” என்று புருஷனைக் கேட்டாள்.

பவுனம்மாளின் புருஷன் பரமேஸ்வரன் துறைமுகத்தில் கண்டெய்னர் லோரி ஓட்டியவர். கண்ணில் புரை விழுந்தபின் ஓட்டுவதை விட்டுவிட்டார். பவுனம்மாளுக்குச் சிறுநீரகம் இரண்டும் கைவிட்டுவிட்டன. வாரத்தில் மூன்று நாள் கடைவீட்டு மாடியில் இருக்கும் டயாலிசிஸ் நிலையத்தில் ரத்தத்தைச் சுத்தம் பண்ணிக்கொண்டு, மத்தியானம் கீழே இறங்குவாள். இறங்கும்போது முகம் வெளுத்திருக்கும், கால் பின்னும். மேலே அடுத்த குழு நோயாளிகள் வந்துவிடுவதால் அங்கே உட்கார இடம் இராது. கீழே டயர் கடை. வீட்டுக்குக் கூட்டிப்போகும் வேன் மற்றவர்களைக் காப்பார் ஊர்ப் பக்கம் இறக்கிவிட்டுத்தான் திரும்ப வரும்.

அதுவரை அவள் எதிர்ச் சாரியில் இருக்கும் தூங்குமூஞ்சி மரத்தடியில் உட்காருவாள். பெரிய மரம். அதன் அடியில் யாரோ போட்ட சிமெண்டு பெஞ்சு. அங்கே கொஞ்ச நேரம் சாய்ந்தால் அவளுக்கு முகத்தில் ரத்தம் திரும்பும், பேச்சு வரும், பேச்சு வந்தால் புருஷனைத் திட்டுவாள். அந்தத் திட்டைக் கேட்டபிறகுதான் பரமேஸ்வரனுக்கு மூச்சு சீராகும். மரம் இல்லாத நாளை அவரால் நினைத்தே பார்க்க முடியாது. ஒரு தடவை வெயிலில் நின்றபோது ரத்த அழுத்தம் இறங்கி, ரோட்டிலேயே விழுந்துவிட்டாள். டாக்டர் அவரைத் தனியாகக் கூப்பிட்டு, இன்னொரு முறை இப்படி விட்டீர்களானால் என்னிடம் கொண்டுவர வேண்டியிருக்காது என்று சொல்லியிருந்தார்.

அந்த மரத்தில்தான் ஒருநாள் சிவப்புச் சாயத்தில் பெருக்கல் குறி போட்டிருந்தது. நிழல் தருவது ஒரு குற்றம் என்றால், அதன் மலாய்ப் பெயர் அதைவிடப் பெரிய குற்றம். ‘போக்கோக் ஹூஜான் ஹூஜான்’, அதாவது மழை மரம். வெயில் நகரத்தின் நடுவில் மழை என்ற பெயரோடு ஒன்று நிமிர்ந்து நிற்பதா என்று வாரியம் கொதித்துப்போயிருந்தது.

பரமேஸ்வரன் தம் அடையாள அட்டையான ஐசியை எடுத்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு வாரியத்துக்குப் போனார்.

கவுண்டரில் இருந்த பெண், புனிதா என்று சட்டையில் குத்தியிருந்தது, கம்பளியை இழுத்துவிட்டுக்கொண்டே கேட்டாள்.

“என்ன விஷயமா வந்திருக்கீங்க அங்கிள்?”

“அந்த மரத்த வெட்டாதீங்கன்னு சொல்லணும்மா. என் சம்சாரம் அங்கதான்...”

“ஓ, ஆலோசனையா! ஆலோசனைய பொதுமக்கள் சொல்ல முடியாது அங்கிள். உள்ளூர்வாசிதான் சொல்ல முடியும்.”

“நான் உள்ளூர்தானேம்மா.”

“சர்டிபிகேட் இருக்கா?”

இல்லை. ஆனால் அதிர்ஷ்டம் பாருங்கள், அன்றைக்குத்தான் உள்ளூர்வாசித் தேர்வு நடந்துகொண்டிருந்தது. வாரியம் அந்த வேலைக்கு விளம்பரம் கொடுத்திருந்தும் ஆளே வரவில்லை. பரமேஸ்வரனை உள்ளே தள்ளிவிட்டார்கள். கோட்டு போட்ட டத்தோ நடுவில் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் கிஷன் என்று ஓர் இளைஞர். இவர் வாரியத்தின் தற்காலிக உள்ளூர்வாசி. தலைநகரத்து மோண்ட் கியாராவில் குடியிருப்பவர், கிள்ளானுக்கு வரும்போதெல்லாம் வழிகாட்டும் வேஸ் செயலியைக் கேட்டுத்தான் வண்டியைத் திருப்புவார். இருந்தாலும் தேர்வில் கேட்ட ஒரே கேள்விக்குச் சரியான பதில் சொன்னதால் தேறியவர். அந்தக் கேள்வியை இப்போது அவர் பரமேஸ்வரனைப் பார்த்துக் கேட்டார்.

“அங்கிள், உங்க ஊரு எது?”

இங்கேதான் மனிதர் வழுக்கி விழுந்தார். அவர்மேல் தப்பில்லை. இந்த நாட்டில் நரைத்த தமிழன் ஒருவன் ஊருக்குப் போகிறேன் என்றால் எந்த பஸ் என்று யாரும் கேட்பதில்லை, எந்த ஃபிளைட் என்றுதான் கேட்பார்கள். கல்யாண வீட்டுப் பந்தியிலும் கருமாதி வீட்டுப் பெஞ்சிலும் ஒரு பெரியவர் ‘ஊரு எது?’ என்று ஆரம்பித்தால் அது தாத்தா கப்பல் ஏறிய கிராமத்தைப் பற்றிய விசாரணை. அறுபது வருஷமாகப் பரமேஸ்வரன் அந்தக் கேள்விக்கு ஒரே பதிலைத்தான் சொல்லி வந்திருக்கிறார். வாய் தானாகச் சொன்னது.

“முசிறிப் பக்கம் தம்பி.”

கிஷன் கம்ப்யூட்டரில் தட்டினார். டத்தோவின் முகம் மெல்ல மலர்ந்தது.

“முசிறி... அது நம்ம நாட்டுல எங்க இருக்கு?”

“இந்தியாவுல சார். திருச்சிக்கு அந்தாண்ட. ஆனா நான் போனதே இல்ல. தாத்தா வந்தது. நான் கிள்ளான் பெரியாஸ்பத்திரியிலதான் பொறந்தேன். இந்தா பாருங்க ஐசி.”

“ஐசி நீங்க இந்த நாட்டுக் குடிமகன்னுதான் சொல்லும். எந்த ஊர்க்காரர்னு உங்க வாய்தான் சொல்லணும், சொல்லிடுச்சு,” என்றார் கிஷன். “மொத பதில்தான் மனசுல உள்ள பதில். சிஸ்டம் லொக் ஆயிருச்சு, இனி மாத்த முடியாது.”

“அப்ப நான் யாரு தம்பி?”

டத்தோ எழுந்து வந்து இரண்டு கைகளாலும் அவர் கையைப் பிடித்துக்கொண்டார். கண்ணில் நீர் தளும்பியது. வாரியம் தொடங்கி இவ்வளவு நாளாகியும் ஒரு சுற்றுப்பயணிகூட வரவில்லை என்பதை அவர் அமைச்சுக்கு எப்படி எப்படியோ சொல்லி மழுப்பிக்கொண்டிருந்தார். இப்போது ஒருவர் தானாகவே கதவைத் திறந்துகொண்டு உள்ளே வந்திருக்கிறார், அதுவும் வெளிநாட்டிலிருந்து.

“வெல்கம் டு கிள்ளான்,” என்றார்.

மாலை போட்டார்கள். கழுத்தில் ‘விருந்தாளி’ என்று எழுதிய பட்டையை மாட்டினார்கள். புனிதா ஒரு தட்டில் வெற்றிலை பாக்கு வைத்து நீட்டினாள். பரமேஸ்வரன் மரத்தைப் பற்றி இரண்டு தடவை வாயைத் திறந்தார். விருந்தாளி முதலில் ஊரைச் சுற்றிப் பார்க்க வேண்டும், கருத்தெல்லாம் கடைசியில்தான் கேட்போம் என்று அன்போடு அடக்கிவிட்டார்கள்.

வீட்டுக்கு வந்து சொன்னபோது பவுனம்மாள் சிரித்த சிரிப்பில் பக்கத்து வீட்டு நாய் குரைத்தது.

“ஊரு எதுன்னு கேட்டா கிள்ளான்னு சொல்லத் தெரியல. இந்த ஆளு மரத்தக் காப்பாத்தப் போறாராம். சரி விடுங்க, உள்ளூர் மாடு விலை போகாது. வெளியூர் மாடுன்னு ஆயிட்டீங்க, இனிமேலாச்சும் விலை போறீங்களான்னு பாப்போம்.”

மறுநாள் சுற்றுலா. வாரியத்தின் வேனில் ஜன்னலுக்கெல்லாம் கறுப்புத் திரை. ஒரே ஒரு சுற்றுப்பயணிதான் என்றாலும் கிஷன் காதில் மைக்கை மாட்டிக்கொண்டு, முன் சீட்டில் திரும்பி உட்கார்ந்து, உள்ளூர்வாசியின் ஆலோசனைகளை ஒப்பித்தார்.

“மொத ஆலோசனை. கிள்ளான் மக்கள் வெயில் ஏற ஏறத்தான் உற்சாகமாவாங்க. நீங்களும் பன்னெண்டு மணிக்கு வெளிய வாங்க. தொப்பி வேணாம். ரெண்டாவது, எங்க ஊரு சேறு இயற்கையான அழகுச் சிகிச்சை. உள்ளூர்ப் பெண்கள் வாரம் ஒருமுறை...”

“எந்தப் பெண்கள் தம்பி?”

“அங்கிள், கேள்வி கடைசியில.”

வேஸ் சொன்ன வழியில் போன வேன், கண்டெய்னர் முனையத்தின் வாசலில் போய் முட்டிக்கொண்டு நின்றது. பின்னால் லோரிகள் ஹாரன் அடித்தன. வாசல் காவலர்கள் கெட்ட வார்த்தையோடு ஓடிவந்து, உள்ளே பரமேஸ்வரனைப் பார்த்ததும், “அலாமா, அங்கிள் பரம்! அப்பா கபார்?” என்று மலாயில் நலம் விசாரித்துக் கையைப் பிடித்துக் குலுக்கினார்கள். பரமேஸ்வரன் டிரைவருக்கு வழி சொல்லி, லோரிக்காரர்களுக்குக் கையைக் காட்டி, வேனைப் பின்னால் எடுக்கவைத்துக் கடலோரத்தில் உள்ள தஞ்சோங் ஹராப்பானுக்குத் திருப்பிவிட்டார். கிஷன் தமது குறிப்பில், ‘உள்ளூர் மக்கள் முன்பின் தெரியாத விருந்தாளியையும் பெயர் சொல்லி அழைக்கிறார்கள்’ என்று பதிவு செய்துகொண்டார். வழியில் அவருக்கு ஒன்றுக்கு வந்துவிட்டது. எங்கே போவது என்று உள்ளூர்வாசிக்குத் தெரியவில்லை. சுற்றுப்பயணிதான் எண்ணெய் நிலையம் ஒன்றைக் காட்டினார்.

கடலோரம் போய் இறங்கியதும் மழை பிடித்துக்கொண்டது. கிள்ளான் மழைக்குத் தூறல் என்று ஒரு முன்னுரை கிடையாது. பக்கத்துக் கடல் உணவுக் கடையில் ஒதுங்கலாம் என்று பரமேஸ்வரன் நகர்ந்தார். கிஷன் விடவில்லை. வாரியத்தின் விதிப்படி ஒத்திவைக்கப்பட்ட வெயிலில் விருந்தாளி ஒதுங்கினால் அதை மழை என்று ஒப்புக்கொண்டதாகிவிடும். இருவரும் நனைந்தபடி நின்றார்கள். எதிரே தண்ணீரும் வானமும் ஒரே சாம்பல் நிறத்தில் கிடந்தன.

“எப்படி இருக்கு அங்கிள்?” என்று பற்கள் கிடுகிடுக்கக் கேட்டார் கிஷன்.

“குளுருது தம்பி.”

“வெயில்ல குளிர்ச்சி,” என்று கிஷன் கைப்பேசியில் ஒலிப்பதிவு செய்தார்.

சாயந்திரம் வாரியத்தில் கருத்துக் கேட்பு விழா. ஊழியர்கள் கம்பளிக்குள் புதைந்திருந்தார்கள். நனைந்த சட்டையோடு மேடையில் உட்கார்ந்திருந்த பரமேஸ்வரனுக்கு ஜலதோஷம் பிடித்துக்கொண்டது. டத்தோ பேசினார்.

“இந்த நகரத்த நான் உயிரா நேசிக்கிறேன். அதனாலதான் இங்க குடியிருக்கல. குடியிருந்தா நேசிக்க முடியாது.” கைதட்டல். “இங்க உள்ள மக்கள நாங்க மதிக்கிறோம். அவங்ககிட்ட கேட்டோம், என்ன வேணும்னு. நிழல் வேணும்னாங்க. பாவம், அவங்க எங்கயும் போனதில்ல. பஸ் நேரத்துக்கு வரணும்னாங்க. தண்ணி வேணும்னாங்க. இதெல்லாம் வாழுறவங்களோட தேவைகள். நகரம்கிறது வாழுறவங்களுக்கு மட்டும் சொந்தமில்ல. பாக்குறவங்களுக்குத்தான் அதிகம் சொந்தம். ஏன்னா, பாத்துட்டு அவங்க போயிடுவாங்க. அதுதான் நல்ல குடிமகனுக்கு அடையாளம்.”

நீண்ட கைதட்டலுக்குப் பிறகு மைக் பரமேஸ்வரனிடம் வந்தது. எங்கள் நகரத்தில் உங்கள் மனதைத் தொட்டது எது என்று கேட்டார்கள். அவருக்குச் சுற்றி வளைக்கத் தெரியாது.

“டயாலிசிஸ் சென்டருக்கு எதிர்ல ஒரு தூங்குமூஞ்சி மரம் இருக்கு சார். அதுதான். அத வெட்டிடாதீங்க சார். கால்ல வேணாலும் விழுறேன்.”

அரங்கம் எழுந்து நின்றது. ஒரு வெளிநாட்டுப் பயணி தங்கள் ஊர் மரம் ஒன்றுக்காகக் காலில் விழத் தயாராக இருக்கிறார் என்றால் சாதாரண விஷயமா? டத்தோ அங்கேயே ஆணை பிறப்பித்தார். மரம் வெட்டப்படாது. மழை மரம் என்ற பெயர் மட்டும் மாறி இனி சூரிய மரம் என்று வழங்கும். நிழலைப் பற்றி ஊழியர் ஒருவர் சந்தேகம் எழுப்பியபோது, பயணி ரசித்தால் அது நிழல் அல்ல, அனுபவம் என்று விளக்கம் சொல்லப்பட்டது.

பரமேஸ்வரன் வீட்டுக்கு வருகிற வழியெல்லாம் தனக்குள் சிரித்துக்கொண்டு வந்தார். பவுனம்மாள் அவருக்குத் தைலம் தேய்த்துவிட்டாள். அவள் திட்டாமல் தேய்த்ததே அவருக்குப் பெரிய பட்டம் கிடைத்த மாதிரி இருந்தது.

அடுத்த டயாலிசிஸ் நாளில், வழக்கம்போல் மத்தியானம், அவள் தோளைப் பிடித்துக்கொண்டு படியிறங்கி ரோட்டைத் தாண்டினார். மரம் நின்றது. ஓர் இலைகூடக் குறையவில்லை. சுற்றிலும் இடுப்பளவு வேலி போட்டு, புதுக் கல் பதித்து, உள்ளே வெள்ளை நாற்காலிகள் போட்டிருந்தார்கள். வாசலில், ‘சூரிய மர அனுபவம். விருந்தாளிகளுக்கு மட்டும்’ என்று மூன்று மொழியில் பலகை. பலகைக்குப் பக்கத்தில் வெயிலில் காவலர் ஒருவர் நின்றார். அவர்கள் தெருவிலேயே குடியிருக்கும் ராதாகிருஷ்ணன்.

உள்ளே ஒருவர்கூட இல்லை. நாற்காலிகள் எல்லாம் நிழலில் சும்மா இருந்தன.

“ராதா, கொஞ்சம் தொறப்பா. அக்காவால நிக்க முடியல.”

“நீங்க போலாம் அண்ணே. உங்க பேரு கம்ப்யூட்டர்ல விருந்தாளின்னு இருக்கு. அக்கா போக முடியாது.”

“இந்தா, என் பட்டையை அவளுக்கு மாட்டுறேன்.”

“அண்ணே, அக்காவ எனக்குத் தெரியுமே. எங்க பிள்ளைக்குப் பேரு வச்சதே அக்காதான். தெரியாத ஆளா இருந்தா கண்ண மூடிக்கிட்டு விட்டிருப்பேன். தெரிஞ்சிக்கிட்டே லோக்கல உள்ள விட்டா என் வேலை போயிரும்ணே. நானே வெளியதான் நிக்கிறேன் பாருங்க.”

பவுனம்மாள் வேலியைப் பிடித்துக்கொண்டாள். வெயில் உச்சந்தலையில் இறங்கியது. அவள் உதடு வெளுப்பதைப் பார்க்கப் பார்க்கப் பரமேஸ்வரனுக்குப் பயத்தைவிடக் கோபம் அதிகமாக வந்தது. இவர்களிடம் கெஞ்சிக் காப்பாற்றிய மரம் இவர்களுடைய மரமாகிவிட்டது. வெட்டியிருந்தால்கூட இந்த வேலி இருந்திருக்காது என்று தோன்றியது. அவளைத் தன் முதுகுக்குப் பின்னால் நிறுத்தி, முடிந்தவரை வெயிலை மறைத்தார். மனிதரின் அகலம் போதவில்லை.

அந்த நேரம் பார்த்து இரண்டு பெரிய வேன்கள் வந்து நின்றன. டத்தோ யுகேந்திரன் இறங்கினார். பின்னாலேயே ஒரு வெளிநாட்டுத் தூதுக்குழு, கேமராவும் கூலிங்கிளாசுமாக. கடலோர நகரம் ஒன்றோடு சகோதர ஒப்பந்தம் போடுவதற்காக அழைத்து வந்திருந்தார்கள். டத்தோ காலி நாற்காலிகளைப் பார்த்தார். முகம் சுண்டிவிட்டது. பிறகு பரமேஸ்வரனைப் பார்த்தார்.

“சார்! நம்ம விருந்தாளி! ஏன் வெளிய நிக்கிறீங்க? உள்ள போய் உக்காருங்க, சீக்கிரம்!”

“என் சம்சாரம் இல்லாம நான் போக மாட்டேன்.”

“அவங்க லோக்கல் சார். லோக்கல் ஆளு உள்ள உக்காந்தா அது வெறும் மரத்தடி ஆயிடும். திட்டமே நாசமாயிரும்.”

“அப்ப நானும் வரல.”

தூதுக்குழு நெருங்கிக்கொண்டிருந்தது. டத்தோவின் நெற்றியில் வியர்த்தது. ஒருவேளை அவர் வாழ்க்கையில் கிள்ளான் வெயில் அவர்மேல் பட்டதே அதுதான் முதல் தடவையாக இருக்கும். பக்கத்தில் இருந்த கிஷன் அவர் காதில் ஏதோ சொன்னார். டத்தோவின் முகம் மறுபடி மலர்ந்தது.

“வழி இருக்கு. உள்ளூர்வாசியா உள்ள விட முடியாது. ஆனா காட்சியா வைக்கலாம். அசல் உள்ளூர்வாசி, உயிரோட. விதியில தடை இல்ல.”

பரமேஸ்வரன் கையை ஓங்கிவிட்டார். அறைந்திருப்பார். பவுனம்மாள் அந்தக் கையைப் பிடித்து இறக்கினாள். குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல் வந்தது.

“போர்டு மாட்டுனா நெழல் உண்டா?”

“உண்டும்மா, கண்டிப்பா.”

“அப்ப மாட்டு.”

வேனிலிருந்து ஓர் அட்டை வந்தது. கிஷன் தமது கையெழுத்தில், ‘அசல் உள்ளூர்வாசி. தொடாதீர்கள்’ என்று எழுதி அவள் கழுத்தில் மாட்டினார். ராதாகிருஷ்ணன் வேறு பக்கம் திரும்பிக்கொண்டு வாசலைத் திறந்தார். அவளை மரத்துக்கு நேர் அடியில் ஒரு நாற்காலியில் உட்கார்த்தினார்கள். அவள் தலையைப் பின்னால் சாய்த்துக் கண்ணை மூடினாள். பரமேஸ்வரன் பையிலிருந்து புட்டியை எடுத்தார். அவளுக்குத் தண்ணீர் அளவோடுதான், உதட்டை நனைக்க ஒரு வாய்.

“சார், விருந்தாளிகள் காட்சிக்கு எதுவும் கொடுக்கக் கூடாது,” என்றார் கிஷன்.

பரமேஸ்வரன் அவரைப் பார்த்த பார்வையில் கிஷன் இரண்டடி பின்வாங்கினார். பரமேஸ்வரன் ஒரு வாய் தண்ணீர் கொடுத்து, துண்டால் அவள் முகத்தைத் துடைத்துவிட்டு, பக்கத்திலேயே தரையில் உட்கார்ந்துகொண்டார்.

தூதுக்குழு வேலிக்குள் புகுந்து அவளைச் சுற்றி வட்டமாக நின்றது. சுற்றிலும் ஆள் உயரத்துக்குச் சுவர் வைத்த மாதிரி ஆகிவிட்டது. கேமராக்கள் சொடுக்கின. ஒருவர் குனிந்து அவள் கையில் ஊசி போட்ட இடத்துப் பிளாஸ்டரைப் படம் எடுத்தார். இது இங்குள்ள பாரம்பரிய அலங்காரம் என்று கிஷன் ஆங்கிலத்தில் விளக்கிக்கொண்டிருந்தார். குழுவின் தலைவியான வெள்ளைக்கார அம்மாள் நல்ல மனசுக்காரி போலும். மற்றவர்களை அமர்த்திவிட்டு, உள்ளூர்வாசியின் ஆலோசனை என்று இவ்வளவு சொல்கிறீர்களே, இவரையே கேட்டுப்பார்க்கலாமே, உங்கள் நகரத்துக்கு வருகிறவர்களுக்கு இவர் என்ன சொல்ல விரும்புகிறார் என்று கேட்டாள்.

டத்தோ மரத்தடியில் குனிந்து, தமிழில், ஒரு குழந்தையிடம் பேசுவது போலக் கேட்டார்.

“அம்மா, வந்திருக்கிறவங்களுக்கு நீங்க ஒரு ஆலோசனை சொல்லணுமாம். என்ன சொல்றீங்க?”

பவுனம்மாள் கண்ணைத் திறந்தாள். தன்னைச் சுற்றி நின்றவர்களின் இடுப்பு வரிசையைப் பார்த்தாள். மூச்சு வாங்கியது. அங்கே பிறந்து வளர்ந்த ஒருத்தியை உள்ளூர்வாசி என்று ஒப்புக்கொண்டு வாரியம் கேட்ட முதல் கேள்வி அது. அவள் பதில் சொன்னாள்.

“கொஞ்சம் தள்ளி நிக்கச் சொல்லுங்க. காத்து வரல.”

டத்தோ நிமிர்ந்து, தூதுக்குழுவைப் பார்த்துக் கைகளை விரித்து, புன்னகையோடு மொழிபெயர்த்தார்.

“கூச்சப்படாமல் நெருங்கி வாருங்கள் என்கிறார்.”

அவர்கள் நெருங்கி வந்தார்கள்.